பம்ப்பைக் கழற்றும் முன்: குட்டி பொக்லைன் தம்பிகளுக்கு அக்காவின் டிப்ஸ்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றி வேலை என்றால் அது ராத்திரி வேலைதான். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகுதான் குட்டி பொக்லைன் உள்ளே போக முடியும். விடிவதற்குள் மீன் பெட்டியும் காய்கறி மூட்டையும் வந்து இறங்கிவிடும். அதற்குள் சாக்கடை தூர் எடுத்து, உடைந்த ஸ்லாப்பை அள்ளி, வண்டியையும் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். பெரிய ஜேசிபி நுழையாத சந்துகள் என்பதால் இரண்டு டன், மூன்று டன் வண்டிகளுக்கு இங்கே எப்போதும் கிராக்கி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வாய்க்கால் தூர் எடுப்பதை யாரும் தள்ளிப்போட முடியாது என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

இப்படிப்பட்ட வேலையில் வண்டி சோர்ந்துபோனால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பம்ப் வீக்." முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பூம் தூங்கும், டிராக் இழுக்காது. மெக்கானிக் வருவார், லீவரை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார், "பம்ப் போயிடுச்சு" என்பார். தம்பி, பிஸ்டன் பம்ப் என்பது லட்ச ரூபாய்க் கணக்கு. வீட்டு வண்டிகளின் பில் ஃபைலும் வாடகை நோட்டும் என் கையில் இருப்பதால் சொல்கிறேன்: பம்ப்பைக் கடைசி சந்தேகமாக வை. அதற்கு முன்னால் காசில்லாமலும், கொஞ்சம் காசிலும் பார்த்து முடிக்கவேண்டியவை நிறைய இருக்கின்றன. நான் சொல்லும் வரிசையிலேயே பார்.

1. எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் பிரி

"வண்டி ஸ்லோ" என்று ஆபரேட்டர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே. எது ஸ்லோ என்று கேள். பூம், ஆர்ம், பக்கெட், ஸ்விங், இடது டிராக், வலது டிராக், முன் பிளேடு என்று ஒவ்வொன்றாகத் தனியாக இயக்கச் சொல்லிப் பார்.

பூம் மட்டும் மெதுவா? அப்போது அந்த சிலிண்டரின் சீல், அதற்குரிய ஸ்பூல், அதன் ரிலீஃப் வால்வு ஆகியவைதான் முதல் சந்தேகம். எண்ணெயை எல்லாவற்றுக்கும் கொடுக்கும் பம்ப் ஒன்றை மட்டும் பட்டினி போடாது. இன்ஜினை நிறுத்திய பிறகு பூம் தானாக இறங்குகிறதா? அதற்கும் பம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். இறங்குவது சிலிண்டர் சீலிலோ வால்விலோ எண்ணெய் கசிவதால்தான். மேலே எல்லாம் சரியாக இருந்து இரண்டு டிராக் மட்டும் சோர்ந்தால் நடுவில் இருக்கும் சென்டர் ஜாயிண்ட்டைப் பார். மேல் உடலிலிருந்து கீழே எண்ணெய் போகும் வழி அதுதான். அதன் சீல் போனால் டிராக்குக்குப் போகவேண்டியது உள்ளேயே கசிந்துவிடும்.

மூன்று டன் வண்டிகள் பலவற்றில் இரண்டு பிஸ்டன் பம்ப்பும் ஒரு கியர் பம்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒன்று பூம், பக்கெட், ஒரு பக்க டிராக் ஆகியவற்றை ஓட்டும். இன்னொன்று ஆர்ம்மையும் மறுபக்க டிராக்கையும் ஓட்டும். கியர் பம்ப் ஸ்விங்கையும் பிளேடையும் பார்த்துக்கொள்ளும். இந்தப் பங்கீடு வண்டிக்கு வண்டி மாறும், அதனால் மேனுவலில் இருக்கும் ஹைட்ராலிக் படத்தை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து கேபினில் ஒட்டி வை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, கூடவே அதே பம்ப்பில் ஓடும் பூமும் பக்கெட்டும் மெதுவாகிவிட்டன என்றால் அந்த பம்ப் மேல் சந்தேகப்படலாம். டிராக் மட்டும் இழுத்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால் டிராவல் மோட்டாரையும் டிராக்கையும் பார்.

2. வெளியே தெரிவதை விடாதே

மார்க்கெட் சாக்கடையில் கிடப்பது மண் மட்டும் இல்லை. சணல் கயிறு, வாழை நார், பிளாஸ்டிக் கவர், மீன் வலைத் துண்டு எல்லாம் ஸ்பிராக்கெட்டிலும் ரோலரிலும் சுற்றிக்கொள்ளும். டிராக்கும் அதிகமாக இறுகியிருந்தால் மோட்டார் அதை இழுக்கவே தன் பலத்தில் கணிசமான பங்கைச் செலவழிக்கும். வண்டியைக் கழுவிவிட்டு, டிராக் டென்ஷன் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்.

அடுத்தது ஆயில் கூலர். வெங்காயக் கடை, பூக்கடை பக்கம் வேலை பார்த்த வண்டியின் கூலரைத் திறந்தால் வெங்காயச் சருகு ஃபின் முழுக்க அப்பியிருக்கும். காற்று போகாது, எண்ணெய் கொதிக்கும், வண்டி சோரும். உள்பக்கத்திலிருந்து வெளியே வரும்படி காற்று அடித்துச் சுத்தம் செய். அழுத்தித் தண்ணீர் அடித்து ஃபின்னை மடக்கிவிடாதே.

பிரேக்கர் பெடல் கால் மிதியடிக்கு அடியில் சிக்கி லேசாக அழுந்தி நிற்கிறதா என்றும் பார். அந்த லைன் வழியாக எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தால் எல்லாமே மெதுவாகும். ஆக்ஸிலேட்டர் கேபிள் கடைசிவரை போகிறதா, இன்ஜின் ஆர்பிஎம் மேனுவலில் சொன்ன அளவுக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஆர்பிஎம் குறைந்தால் பம்ப் கொடுக்கும் எண்ணெயும் அதே விகிதத்தில் குறையும்.

3. எண்ணெயைப் பார், முகர்ந்து பார்

பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் மேனுவல் சொல்லும் நிலையில் வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு லெவல் கண்ணாடியைப் பார். சிலிண்டர் நீண்டிருக்கும்போது பார்த்தால் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் மடக்கும்போது டேங்க் பொங்கும்.

பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழை வெள்ளத்தில் நின்ற வண்டியில் டேங்க் மூடி வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீர் இறங்கிவிடும். ஃபெஞ்சல் மாதிரி ஒரு ராத்திரி வந்தால் வண்டியை மேட்டில் ஏற்று. முடியாமல் போனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்க்கின் அடி டிரெயினைத் திறந்து பார். எண்ணெய் நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது: சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப்பையும் ஓ-ரிங்கையும் பார். கருகிய வாசனை வந்தால் எண்ணெய் அளவுக்கு மீறி சூடாகியிருக்கிறது.

எந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள் என்றும் கேள். மேனுவல் 46 நம்பர் என்று சொல்லும் வண்டியில் கேன் கிடைத்ததென்று 68 ஊற்றியிருப்பார்கள். கெட்டி எண்ணெய் தேய்ந்த பம்ப்பைக் கொஞ்ச காலம் மறைத்தும் வைக்கும். பழைய வண்டி வாங்கப் போகிறவன் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

4. காதைக் கொடு

சக்‌ஷன் ஸ்டிரெயினர் அடைத்து எண்ணெய் போதாமல் போனால் பம்ப் 'ஊய்ய்' என்று ஒரே சீராகக் கூவும். காற்று கலந்தால் கூழாங்கல் உருட்டிய சத்தம் வரும். இரண்டிலும் பம்ப் நல்லதாகவே இருக்கலாம். அதற்குச் சாப்பாடு போகவில்லை, அவ்வளவுதான். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் சில நாளில் நிஜமாகவே போய்விடும். ஆகவே டேங்க்குக்குள் இருக்கும் ஸ்டிரெயினரைக் கழற்றிக் கழுவு. இன்ஜினையும் பம்ப்பையும் சேர்க்கும் ரப்பர் கப்ளிங் தேய்ந்தால் ஐடிலில் கடகடவென்று சத்தம் வரும், ஹவுசிங் ஓரம் கறுப்பு ரப்பர் தூள் தெரியும்.

இன்னொரு சோதனை. முழு ஆர்பிஎம்மில் பக்கெட்டைக் கடைசிவரை மடக்கி, லீவரை ஐந்து செகண்ட் மட்டும் பிடி. இன்ஜின் முனகி, கொஞ்சம் இறங்கி, தாங்கிக்கொண்டால் சுமை ஏறுகிறது என்று பொருள். சுமையே இல்லாத மாதிரி ஜாலியாக ஓடினால் பிரஷர் கட்டவில்லை: ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கலாம், பைலட் (லீவரை அசைக்கும்போது ஸ்பூலை நகர்த்தும் சின்ன பிரஷர்) குறைவாக இருக்கலாம், பம்ப்பாகவும் இருக்கலாம். கறுப்புப் புகை விட்டு அணையப் பார்த்தால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பம்ப் ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார். இன்ஜினையே அமுக்கும் பம்ப்பை வீக் என்று சொல்ல முடியாது.

5. செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும்

இதைச் செய்பவர்கள் குறைவு, இதைவிட மலிவான சோதனையும் கிடையாது. வண்டி நன்றாக இருக்கும்போதே நேரம் எடுத்து நோட்டில் எழுதி வை. வெறும் பக்கெட்டோடு பூம் தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை செகண்ட், ஆர்ம் முழுக்க நீட்ட எத்தனை, ஸ்விங் மூன்று சுற்றுக்கு எத்தனை என்று எழுது. கூடவே ஆர்பிஎம், எண்ணெய் சூடு, மீட்டர் மணி மூன்றையும் குறி.

டிராக்குக்கு இப்படிச் செய்: மேல் உடலைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி ஒரு பக்க டிராக்கைத் தூக்கு. டிராக் ஷூ ஒன்றில் சாக்பீஸால் பெரிய கோடு போடு. டிராக்கை ஓடவிட்டு, கோடு மேலே வரும்போது ஸ்டாப்வாட்சை அழுத்து. மூன்று சுற்று முடிந்து அதே இடத்துக்கு வரும்போது நிறுத்து. பிறகு அடுத்த பக்கம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் எழுத்தில் நிற்கும். சந்தில் இதைச் செய்யாதே, ஞாயிற்றுக்கிழமை சந்தை நடக்கும் காந்தி வீதிப் பக்கம் நினைக்கவே நினைக்காதே. யார்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், டிராக்குக்கு அருகில் யாரும் நிற்காமல் செய்.

6. ஆறியபோது ஒன்று, சூட்டில் ஒன்று

பம்ப் தேய்ந்திருக்கிறதா என்பதற்கு நல்ல சாட்சி சூடுதான். ஆறிய எண்ணெய் கஞ்சி, சூடான எண்ணெய் ரசம். பிஸ்டனும் சிலிண்டர் பிளாக்கும் தேய்ந்து இடைவெளி விழுந்தால் கஞ்சி அதில் நிற்கும், ரசம் ஒழுகிவிடும். அதனால் காலையில் எழுதிய நேரத்தையும் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு எழுதிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஆறியபோதும் சூட்டிலும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் அடைப்பு, பைலட், ரிலீஃப் பக்கம் போ. ஆறியபோது சரியாக இருந்து, சூடேற ஏற ஒரே பம்ப் ஓட்டும் எல்லா வேலையும் சேர்ந்து சோர்ந்தால் உள்கசிவு. பழைய வண்டி வாங்கும்போது காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் காட்டுபவரிடம் பணம் கொடுக்காதே. எண்ணெய் சூடாகும்வரை தோண்டச் சொல், பிறகு விலை பேசு.

7. கேஜ் மாட்டும் முன் கையைக் காப்பாற்று

பக்கெட்டைத் தரையில் வை, இன்ஜினை நிறுத்து. வண்டி முறைப்படி லீவர்களை நாலா பக்கமும் ஆட்டி மிச்சப் பிரஷரை இறக்கு, டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விடு. அப்புறம்தான் எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்கலாம். கசிவைக் கையால் தடவித் தேடாதே. அட்டைத் துண்டைக் காட்டிப் பார். ஊசித் துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்திய அளவுதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டி வீட்டில் உட்காராதே. உடனே ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோடு உள்ளே போயிருக்கு" என்று அதே வார்த்தையில் சொல். அது சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை பார்க்கவேண்டிய காயம்.

8. முதலில் பைலட், பிறகு மெயின்

எண்ணெய் 50 டிகிரி அளவுக்குச் சூடான பிறகு கேஜ் பார். பைலட்டுக்கு 60 பார் கேஜ் போதும், மெயினுக்கு 400 பார் கேஜ் வேண்டும். சின்னதை மெயினில் மாட்டினால் கேஜ் வெடிக்கும். மெக்கானிக் 'கேஜி' என்று சொன்னால் பயப்படாதே, இந்தக் கணக்குக்கு பாரும் கேஜியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பைலட் பொதுவாக 30 முதல் 40 பார் இருக்கும். அது குறைந்தால் ஸ்பூல் முழுக்கத் திறக்காது. மெயின் பம்ப் புத்தம்புதிதாக இருந்தாலும் வண்டி முழுவதும் சோம்பலாகத்தான் ஓடும். பைலட் ஃபில்டரும் பைலட் ரிலீஃபும் மெயின் பம்ப்போடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு. ஆகவே இதைப் பார்க்காமல் மெயினுக்குப் போகாதே.

மெயின் பிரஷர் இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் 200-இலிருந்து 250 பாருக்குள் இருக்கும். உன் வண்டிக்குரிய எண்ணை மேனுவலில் பார்த்துக்கொள். குறைவாகக் காட்டினால் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பார். ஒரு மணல் துகள் சீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும். அதை விட்டுவிட்டு ஸ்குரூவை இறுக்கிப் பிரஷர் ஏற்றுகிறவரை வண்டிக்குப் பக்கத்தில் சேர்க்காதே. ஹோஸ் வெடிக்கும், சிலிண்டர் வளையும்.

கேஜ் சரியாகக் காட்டினால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதே. நிமிடத்துக்கு 35 லிட்டர் கொடுக்கவேண்டிய பம்ப் தேய்ந்து 20 லிட்டர்தான் கொடுக்கிறது என்று வை. பக்கெட் கடைசியில் முட்டி நிற்கும்போது அந்த 20 லிட்டரும் போக வழியில்லாமல் பிரஷரை முழுசாக ஏற்றிவிடும். முள் 220 காட்டும், வண்டி ஆமையாக நகரும். பம்ப்பின் வேலை எண்ணெயைத் தள்ளுவது. எதிரே தடை இருந்தால்தான் பிரஷர் உண்டாகும். எனவே கடைசிச் சொல் ஃப்ளோ மீட்டருடையது. சுமை வால்வோடு கூடிய ஃப்ளோ மீட்டர் வைத்திருக்கும் ஹைட்ராலிக் பட்டறையைத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரி. குறைந்த பிரஷரில் ஒரு அளவு, வேலை செய்யும் பிரஷரில் ஒரு அளவு எடுக்கச் சொல். பிஸ்டன் பம்ப் பிரஷர் ஏறினால் தானாகவே எண்ணெயைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் மேனுவலில் இருக்கும் பிரஷர்-ஃப்ளோ கோட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

9. ஃபில்டரை அறுத்துப் பார்

பழைய ரிட்டர்ன் ஃபில்டரைக் குப்பையில் போடாதே. உறையை வெட்டி, பேப்பரை விரித்து, எண்ணெய் வடிந்ததும் வெள்ளைத் துணியில் தட்டு. வெயிலில் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். காந்தத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மேலே நகர்த்து: ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது வெண்கலம். பிஸ்டன் ஷூ, வால்வு பிளேட் மாதிரி பாகங்கள் தேய்வதன் அடையாளம் அது. டிராவல் மோட்டாரும் ஸ்விங் மோட்டாரும்கூட அதே மாதிரி பாகங்களால் ஆனவை என்பதை மறக்காதே. கறுப்புத் துணுக்கு சீல் அல்லது ஹோஸின் உள்ரப்பர். போட்டோ எடுத்துத் தேதியோடு வை.

10. கடைசி இரண்டு சோதனை

பம்ப்புக்குத் தனி டிரெயின் லைன் இருந்தால் அதை மெக்கானிக்கை வைத்து ஒரு அளவு வாளிக்குத் திருப்பு. டேங்க் பக்க வாயை மூடு, பம்ப் பக்கத்தை ஒருபோதும் அடைக்காதே. ஷாஃப்ட் சீல் பிய்ந்துவிடும். சுமையில் ஓடும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அள. நல்ல பம்ப்பில் மொத்த ஓட்டத்தில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று பங்கு வரும். பத்துப் பங்கை நெருங்கினால் உள்ளே தேய்மானம் முற்றிவிட்டது.

இரண்டு பிஸ்டன் பம்ப்பும் ஒரே அளவாக இருந்தால் இரண்டின் வெளிவரும் ஹோஸையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். குறை இடம் மாறினால் பம்ப். குறை அதே இடத்தில் நின்றால் வால்வோ மோட்டாரோ. ஒரு ராத்திரி வாடகை போகும். லட்ச ரூபாய் மிஞ்சலாம்.

பம்ப்தான் என்று உறுதியானால்

எந்தச் சோதனையில் என்ன எண் வந்தது என்று மெக்கானிக்கை எழுதித் தரச் சொல். எண் இல்லாத தீர்ப்புக்குப் பணம் கொடுக்காதே. கழற்றிய பழைய பம்ப்பைக் கண்ணால் பார். வால்வு பிளேட்டில் விரல் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் தீர்ப்பு சரி.

மாட்டும்போது புது பம்ப்பின் உள்ளே எண்ணெய் நிரப்பி, காற்றை எடுத்து, ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகுதான் லீவரைத் தொட வேண்டும். வறண்டு ஓடும் முதல் நிமிடத்திலேயே புது பம்ப் போய்விடும். பழைய பம்ப் உதிர்த்த வெண்கலத் தூள் டேங்க்கிலும் கூலரிலும் ஹோஸிலும் இருக்கும்; அதைக் கழுவாமல் புதியதை மாட்டினால் அது அந்தத் தூளைத்தான் முதலில் குடிக்கும். ஆகவே பம்ப் பில்லோடு டேங்க் கழுவியது, ஸ்டிரெயினர், எல்லா ஃபில்டர், புது எண்ணெய் ஆகியவற்றுக்கும் பில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வண்டியைப் பட்டறையை விட்டு எடுக்காதே, தம்பி.